பாடப்புத்தகம் நடுவில், போன் ஓரத்தில்

யூடியூபில் "ஏழாம் வகுப்பு அறிவியல்" என்று தட்டினால் வந்து விழுவதைப் பார்த்துவிட்டுப் பாதிப் பெற்றோர் போனைக் கீழே வைத்துவிடுகிறார்கள். பழைய பாடத்திட்டமும் புதியதும் கலந்து வரும். ஒரே பாடத்தை ஒருவர் ஆறு நிமிடத்தில் முடித்திருப்பார், இன்னொருவர் ஒன்றரை மணி நேரம் இழுத்திருப்பார். பொருள் இல்லாத குறை இப்போது இல்லை. எது இந்தக் குழந்தையின் இந்த வாரப் பாடத்தோடு ஒட்டும் என்று பிரிக்கத் தெரியாததுதான் குறை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் ஒன்று முதல் பத்து வரை படிக்கும், வீட்டில் ஒரே ஒரு ஆண்ட்ராய்டு போன் உள்ள குழந்தையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வேண்டியது செயலி இல்லை, பாடப்புத்தகம். தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகத்தின் தளத்தில் எல்லா வகுப்புப் புத்தகங்களும் பி.டி.எஃப். கோப்பாகக் காசில்லாமல் கிடைக்கின்றன. 2018-19இல் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்கும் அடுத்த ஆண்டு மற்ற வகுப்புகளுக்கும் புதிய புத்தகங்கள் வந்தன. அதற்கு முந்தைய பாடத்திட்டத்தின் காணொளிகள் இன்னும் இணையத்தில் சுற்றுகின்றன. அதனால் எதைத் திறந்தாலும் முதலில் பதிவேற்றிய ஆண்டைப் பாருங்கள். 1, 6, 9, 11 வகுப்புகளுக்கு 2018க்கும் மற்ற வகுப்புகளுக்கு 2019க்கும் முந்தையது என்றால் கருத்து சரியாக இருக்கலாம், பாட வரிசையும் பயிற்சிக் கணக்குகளும் ஒத்துப்போகாது.

பி.டி.எஃப்.-இல் இரண்டு சிறு தொல்லைகள் உண்டு. முகப்பு, முன்னுரை, பொருளடக்கம் எல்லாம் சேர்வதால் புத்தகத்தில் 45ஆம் பக்கம் என்பது கோப்பில் 45ஆம் பக்கமாக இருக்காது. எத்தனை பக்கம் தள்ளியிருக்கிறது என்று ஒரு முறை எண்ணிப் புத்தக அட்டையின் உட்புறம் எழுதிவைத்தால் அந்த ஆண்டு முழுக்கக் கவலையில்லை. இன்னொன்று, பல கோப்புகளில் எழுத்துரு பழைய வகை. உள்ளே "ஒளிச்சேர்க்கை" என்று தேடினால் எதுவும் கிடைக்காது, நகலெடுத்து ஒட்டினால் குப்பை எழுத்துகள் வரும். கோப்பு கெட்டுப்போகவில்லை, அதன் இயல்பே அப்படி. பொருளடக்கத்தைப் பார்த்துத்தான் போக வேண்டும்.

அந்தப் புத்தகத்திலேயே பாடங்களின் ஓரத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டமாகக் க்யூ.ஆர். குறியீடு அச்சாகியிருக்கும். இது திறப்பது, பாடத்துக்கான காணொளிகளும் பயிற்சிகளும் உள்ள 'திக்‌ஷா' தளத்தை. 2017 செப்டம்பரில் மத்திய அரசு தொடங்கியது. போனின் சாதாரண கேமராவால் படம்பிடித்தால் உலாவியில் திறக்கும், அப்போதைக்குப் பார்க்கலாம். திக்‌ஷா செயலியை நிறுவி அதற்குள்ளிருந்து ஸ்கேன் செய்தால் இறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாதபோதும் பார்க்கலாம். கணக்குத் தொடங்காமல் விருந்தினராகவே நுழையலாம். செயலி முதலில் வாரியம், பயிற்றுமொழி, வகுப்பு என்று மூன்று கேள்வி கேட்கும். அவசரத்தில் பயிற்றுமொழியை மாற்றித் தேர்ந்தெடுத்துவிட்டு "எங்கள் புத்தகமே வரவில்லை" என்று சொல்பவர்கள்தான் அதிகம். அமைப்புகளில் போய்த் திருத்திவிடலாம்.

அச்சு மங்கி குறியீடு படியவில்லையா? கட்டத்தை ஒட்டி ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு குறிகள் இருக்கும். அதைத் திக்‌ஷாவில் தட்டினால் அதே பாடம் திறக்கும். அட்டை போட்டு மூலை மடிந்த பழைய புத்தகம், ஒளிநகல் எடுத்த புத்தகம், இரண்டுக்கும் இந்த ஆறு குறிகளே கைகொடுக்கும்.

ஆறாம் வகுப்புக்கு மேல் கணக்கு, அறிவியல் புத்தகங்களில் 'இணையச் செயல்பாடு' என்று ஒரு பக்கம் வரும். பெரும்பாலான வீடுகளில் அதைப் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. படிப்படியாகப் படத்தோடு கொடுத்திருப்பார்கள், பெரும்பாலும் ஜியோஜீப்ரா என்ற கணிதத் தளத்திலோ ஃபெட் (PhET) என்ற அறிவியல் செயல்பாட்டுத் தளத்திலோ செய்ய வேண்டிய செயல்பாடு. அதில் அச்சிட்ட இணைப்பு வேலை செய்யாவிட்டால் விட்டுவிடாதீர்கள். முகவரிகள் மாறும், செயல்பாடு அங்கேயேதான் இருக்கும். அந்தத் தளத்துக்கே போய்ச் செயல்பாட்டின் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

அடுத்தது தமிழ்நாடு அரசின் கல்வித் தொலைக்காட்சி. 2019 ஆகஸ்டில் தொடங்கியது. பாடங்கள் அதன் யூடியூப் பக்கத்தில் இருக்கின்றன. அரசுப் பள்ளி ஆசிரியர்களே நடத்துவதால் பாடநூலின் சொற்களையே பேசுகிறார்கள். தனியார் காணொளிகளின் பளபளப்பு இருக்காது, ஆனால் இந்த ஒரு காரணத்துக்காகவே இதை முதலில் வைக்க வேண்டும். தேடும்போது பொதுவாக "ஒளி பாடம்" என்று போடாதீர்கள். "பத்தாம் வகுப்பு அறிவியல் அலகு 2 ஒளியியல்" என்று வகுப்பு, பாடம், அலகு எண், தலைப்பு நான்கையும் புத்தகத்தில் உள்ளபடியே போடுங்கள். தலைப்பு ஒரு எழுத்து மாறினாலும் முடிவுகள் மாறும்.

டேட்டாக் கணக்கையும் இங்கேயே பார்த்துவிடலாம். 20 நிமிடப் பாடத்தை 720 தரத்தில் ஓடவிட்டால் ஏறத்தாழ 300 எம்.பி. போகும். 360 என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு நாளைக்கு 1.5 ஜி.பி. திட்டத்தில் வீடே ஓடும்போது இந்த வித்தியாசம் பெரிது. கரும்பலகைப் பாடத்துக்கு 360 போதும். கணக்கு வரிகள் பொடியாகத் தெரிந்தால் அந்த இடத்தில் மட்டும் தரத்தை ஏற்றிவிட்டு இறக்கிக்கொள்ளலாம். தானாக அடுத்தது ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். குழந்தை வழிதவறுவது பெரும்பாலும் பாடத்தின் நடுவில் அல்ல, அது முடிந்த பத்தாவது நொடியில். ஆண்ட்ராய்டில் 'ஆப் பின்னிங்' என்ற வசதி பாதுகாப்பு அமைப்புகளில் இருக்கும். அதையும் அதிலுள்ள பின் எண் கேட்கும் தேர்வையும் போட்டுவிட்டால் பின் எண் இல்லாமல் அந்தச் செயலியை விட்டு வெளியே போக முடியாது. பெயரும் இடமும் போனுக்குப் போன் கொஞ்சம் மாறும்.

ஒரே தமிழ், இரண்டு கலைச்சொல்

இதைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. தமிழில் இலவச அறிவியல் பாடம் தேடினால் இலங்கையில் தயாரானவையும் சேர்ந்து வரும். அங்கே கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ' தளத்தில் தமிழ்வழிப் பாடங்கள் இருக்கின்றன. கல்வி வெளியீட்டுத் திணைக்களம் பாடநூல்களைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இலவசமாக இறக்கிக்கொள்ள வைத்திருக்கிறது. நல்ல புத்தகங்கள். பல தலைமுறைகளாகத் தமிழிலேயே அறிவியல் கற்பித்த மரபு அவற்றில் தெரியும். ஆனால் கலைச்சொற்கள் வேறு.

வேறாக இருப்பதில் பாதி பிரச்சினையே இல்லை. இங்கே வேதியியல், அங்கே இரசாயனவியல். இங்கே இயற்பியல், அங்கே பௌதிகவியல். ஆக்சிஜன் அங்கே ஒட்சிசன், நுண்ணுயிரி நுண்ணங்கி, அழுத்தம் அமுக்கம், செல் கலம். புதுச் சொல் என்று குழந்தைக்கே தெரிந்துவிடும், கேட்டுவிடும். ஒளி எதிரொளிப்பு அங்கே ஒளித்தெறிப்பு, ஒளி விலகல் அங்கே ஒளிமுறிவு. உண்மையில் இலங்கைச் சொற்களே படம்போல் மனத்தில் நிற்கின்றன என்பது என் கட்சி.

ஆபத்து, ஒரே சொல் இரண்டு பக்கமும் வேறு பொருளில் வரும் இடத்தில்தான். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் 'நிறை' என்பது கிலோகிராமில் அளப்பது. புவி அதை இழுக்கும் விசை 'எடை', அதை அளப்பது நியூட்டனில். இலங்கைப் புத்தகத்தில் கிலோகிராமில் அளப்பது 'திணிவு'. நியூட்டனில் அளப்பதற்குப் பெயர்தான் 'நிறை'. இங்கே படிக்கும் பிள்ளை அந்தக் காணொளியைப் பார்த்தால் "நிறை 50 நியூட்டன்" என்று காதில் விழும். தான் படித்தது தப்போ என்று குழம்பும், அல்லது குழம்பாமல் அப்படியே தேர்வில் எழுதும். இரண்டாவதுதான் மோசம்.

வேகத்திலும் இதே கதை. இங்கே திசையைக் கணக்கில் எடுக்காதது வேகம், திசையோடு சேர்ந்தது திசைவேகம். அங்கே திசையில்லாதது கதி, திசையோடு சேர்ந்தது வேகம். முடுக்கம் அங்கே ஆர்முடுகல். ஆக, ஒன்பது, பத்தாம் வகுப்பு இயக்கவியல் பாடங்களுக்கு மட்டும் எந்த ஊர்த் தமிழ் என்று பார்த்துவிட்டுத்தான் காணொளியைப் போட வேண்டும். தொடக்கத்தில் "தரம் 10" என்றால் இலங்கை, "பத்தாம் வகுப்பு" என்றால் இங்கே. மற்ற பாடங்களுக்கு ஒரு அட்டையில் இந்தச் சொற்களை இரண்டு வரிசையாக எழுதி மேசையில் ஒட்டினால் இரண்டு நாட்டுப் பொருளையும் பயன்படுத்தலாம். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருந்து இதைப் படிப்பவர்கள் அட்டையைத் திருப்பிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்துக்கும் இதே அட்டை முறைதான். கான் அகாடமி என்ற இலவசத் தளத்தின் கணக்குப் பயிற்சிகள் இந்தியப் பாட வரிசையில் வகுப்புவாரியாக உண்டு. தமிழ்வழிக் குழந்தை ஆங்கிலத்தில் செய்ய முடியுமா? ஆறாம் வகுப்புப் பின்னத்துக்கு நியூமரேட்டர் என்றால் தொகுதி, டினாமினேட்டர் என்றால் பகுதி என்று இப்படி முப்பது சொல் போதும், மற்றதை எண்களே பேசும். அங்கே ஒரு விதி மட்டும் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். துப்புக் கேட்கும் பொத்தானை அழுத்தினால் அந்தக் கேள்வி தவறாகவே கணக்கிடப்படும். இது தெரியாமல் "எல்லாம் சரியாப் போட்டேன், மதிப்பெண் ஏறல" என்று அழும் பிள்ளைகள் உண்டு. 13 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் மின்னஞ்சல் வழியாகக் கணக்குத் தொடங்குங்கள்.

கையால் செய்துபார்க்கும் பாடம்

இலவசமாகக் கிடைப்பவற்றில் ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் காணொளிகளை எல்லாம் விட்டுவிட்டு ஃபெட்டை எடுப்பேன். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் கார்ல் வீமன் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்திருந்தது. பின்னம், மின்சுற்று, அணு, உராய்வு என்று ஒவ்வொன்றும் ஒரு சிறு பொம்மை ஆய்வகம். தளத்தில் மொழிவாரியாகப் பிரித்துப் பார்த்தால் தமிழாக்கம் உள்ளவை தனியே தெரியும். மொழிபெயர்த்தவர் எந்த ஊர்க்காரர் என்பதைப் பொறுத்துச் சொற்கள் மாறலாம், மேலே சொன்ன அட்டை இங்கேயும் உதவும்.

ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். சில எம்.பி.தான். அதன்பின் இணையமே வேண்டாம். போனில் அந்தக் கோப்பைத் தொட்டதும் எதில் திறக்க என்று கேட்கும். குரோமைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண 'எச்.டி.எம்.எல். வியூவர்' என்பதைத் தொட்டால் பெரும்பாலும் வெள்ளைத் திரைதான் வரும், கோப்பு கெட்டது என்று நினைத்து அழித்துவிடுவோம். இன்னொரு வீட்டுக்கு வாட்சாப்பில் அனுப்பும்போது 'ஆவணம்' என்று அனுப்புங்கள்.

மின்சுற்று ஆய்வகத்தை எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு நான்காம் அலகு மின்னோட்டவியலுக்கு இது அப்படியே பொருந்தும். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் சொல்லாதீர்கள். பிள்ளை எப்படியும் மின்கலத்தின் இரு முனையையும் வெறும் கம்பியால் இணைத்துத் தீப்பிடிக்க வைக்கும். பிடிக்கட்டும், குறுக்குச்சுற்று என்ற பாடம் அங்கேயே முடிந்தது.

பிறகு நோட்டில் அட்டவணை. ஒரு மின்கலம், ஒரு விளக்கு, ஒரு அம்மீட்டர். மின்கலம் 9 வோல்ட்டாகவும் விளக்கின் மின்தடை 10 ஓமாகவும் வைத்தே திறக்கும். மீட்டர் 0.9 ஆம்பியர் காட்டும். 3, 6, 12 வோல்ட்டுக்கு மாற்றினால் 0.3, 0.6, 1.2. வரைபடத்தாளில் புள்ளி வைத்தால் நேர்கோடு வரும், ஓம் விதி அதுதான். இனி இரண்டாவது விளக்கைத் தொடராக இணைக்கச் சொல்லுங்கள், ஆனால் இணைப்பதற்கு முன் ஊகத்தை எழுதச் சொல்லுங்கள். மின்னோட்டம் பாதியாகும், 0.45 என்று பலர் சரியாக எழுதுவார்கள். ஒவ்வொரு விளக்கின் வெளிச்சம்? "அதுவும் பாதி" என்பார்கள். மின்திறன் என்பது மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கியது. முதலில் 8.1 வாட். இப்போது ஒவ்வொன்றுக்கும் 2.025 வாட். கால் பங்கு. பக்க இணைப்பில் மொத்தம் 1.8 ஆம்பியர், ஆனால் விளக்கு ஒவ்வொன்றும் பழைய வெளிச்சத்திலேயே எரியும். வீட்டு வயரிங் ஏன் பக்க இணைப்பு என்று அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. இந்தத் திரை விளக்குக்கு மின்தடை மாறுவதில்லை. உண்மையான இழை விளக்கு சூடாகச் சூடாக மின்தடை ஏறும், கோடு வளையும். கெட்டிக்காரப் பிள்ளை டார்ச் விளக்கில் செய்துபார்த்துவிட்டு ஓம் விதி பொய் என்று வரும்போது நீங்கள் திணறக் கூடாது.

திரையில் பார்த்தது போதாது என்று தோன்றும் பிள்ளைக்கு அரவிந்த் குப்தாவின் தளம் இருக்கிறது. குப்பையில் கிடைக்கும் பொருளில் அறிவியல் பொம்மை செய்வதைப் படமாகவும் குறும்படமாகவும் வைத்திருக்கிறார், மொழியே தேவைப்படாது. அதில் எல்லோரும் முதலில் செய்வது சிறு மோட்டார். ஒரு 1.5 வோல்ட் பேட்டரி, இரண்டு ஊக்கு, பழைய ஸ்பீக்கர் காந்தம், மேல்பூச்சுள்ள செம்புக் கம்பி. கம்பியைப் பத்துப் பதினைந்து சுற்றுச் சுற்றி இரு முனையையும் நேரெதிராக நீட்டி, ஊக்குகளின் துளையில் தாங்கவைக்க வேண்டும். ஓடாமல் போவதற்கு ஏறத்தாழ எப்போதும் ஒரே காரணம்: பூச்சைச் சுரண்டிய விதம். ஒரு முனையை முழுக்கச் சுற்றிலும் சுரண்ட வேண்டும். மற்ற முனையில் மேல்பாதியை மட்டும். இரண்டையும் முழுக்கச் சுரண்டினால் முதல் அரைச் சுற்றில் தள்ளிய விசை அடுத்த அரைச் சுற்றில் திருப்பித் தள்ளும், சுருள் ஊஞ்சல்போல் ஆடி நிற்கும். சுரண்டாமலே விட்டால் அசையவே அசையாது. சுழலாமல் நிற்கும்போது பேட்டரி சீக்கிரம் சூடாகும், உடனே சுருளை எடுத்துவிடுங்கள்.

வாசிப்புக்கு

சின்ன வகுப்புகளுக்கு மேலே சொன்ன எதுவும் அவ்வளவு முக்கியமில்லை. ஒன்று முதல் ஐந்து வரை வேண்டியது வாசிப்பு. பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நான்கு படிநிலைகளில் கிடைக்கின்றன. உள்நுழையாமலே படிக்கலாம். எல்லாம் திறந்த உரிமத்தில் உள்ளவை, அச்சடித்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாலும் தப்பில்லை.

வகுப்பை வைத்துப் படிநிலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு பக்கத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லித் தடுமாறும் சொல்லுக்கு ஒரு விரலை மடக்குங்கள். ஐந்தும் மடங்கினால் ஒரு படி கீழே. நாலாம் வகுப்புப் பிள்ளை முதல் படிநிலையில் இருப்பது வெட்கம் இல்லை. வேகமாக மேலே வந்துவிடும், அவமானப்படுத்தாமல் இருந்தால்.

இதே தளத்தில் பலருக்குத் தெரியாத பயன் ஒன்று. ஒரே கதை தமிழிலும் ஆங்கிலத்திலும் அதே படங்களோடு இருக்கும். இன்று தமிழில் முழுக்கப் படிக்க வேண்டும். நாளை அதையே ஆங்கிலத்தில். கதை தெரிந்திருப்பதால் அகராதி இல்லாமலே பாதிச் சொற்கள் புரியும். குறை என்றால், யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம் என்பதால் சில கதைகளில் தமிழ் விறைப்பாக இருக்கும். முதல் இரண்டு பக்கத்தை நீங்கள் படித்துப் பாருங்கள், நாக்கில் புரளவில்லை என்றால் அடுத்த கதைக்குப் போய்விடுங்கள்.

இணையம் சரியாக எட்டாத ஊர்களில் விக்கிப்பீடியாவை இணையம் இல்லாமல் படிக்க உதவும் கீவிக்ஸ் செயலியையும் சொல்ல வேண்டும். ஊருக்குள் எங்காவது வைஃபை கிடைக்கும் நாளில் தமிழ் விக்கிப்பீடியாவை முழுசாக ஒரு கோப்பாக இறக்கிவிடலாம். படங்கள் இல்லாத பதிப்பு அதைவிடச் சிறியது, இடம் குறைந்த போனுக்கு அதுவே போதும்.

இலவசம் என்று சொல்லிக்கொண்டு இலவசமாக இல்லாதவற்றைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு பாடத்தைக்கூடக் காட்டுவதற்கு முன்பே போன் எண்ணும் ஓ.டி.பி.யும் கேட்டால் நாளை காலை விற்பனை அழைப்பு வரும் என்று பொருள். "ஏழு நாள் இலவசம்" என்று கார்டு விவரம் கேட்டால் எட்டாம் நாள் பணம் போகும். இந்தக் கட்டுரையில் சொன்னவற்றில் எதற்கும் கார்டு எண் தேவையில்லை.

ஒரு நாளைக்கு எவ்வளவு? ஆறு, ஏழாம் வகுப்புக்கு ஒரு பாடத்துக்கு 40 நிமிடம். முதல் பத்து நிமிடம் புத்தகத்தை மட்டும் படித்து, புரியாத இடத்தில் பென்சிலால் கேள்விக்குறி. அடுத்து 12 நிமிடத்துக்கு மேல் போகாமல் காணொளி, அந்தக் கேள்விக்குறிக்குப் பதில் தேடி. பதில் வந்த இடத்தில் நிறுத்தி எழுத வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கிக் காணொளியில் தொடங்கினால் பிள்ளைக்கு எல்லாம் புரிந்ததுபோல் ஒரு மயக்கம் வரும், நோட்டை எடுத்தால் கை ஓடாது. பிறகு போன் வேறு அறைக்குப் போய்விட வேண்டும். 15 நிமிடம் பயிற்சிக் கணக்கு. மிச்ச நேரத்தில் புத்தகத்தை மூடிவிட்டு வாயால் சொல்ல வேண்டும்.

அந்தப் பாடம் உங்களுக்குத் தெரியாவிட்டாலும் இந்தக் கடைசிப் பகுதியை நீங்கள் கேட்கலாம். "அதைப் படமாப் போட்டுக் காட்டு" என்று மட்டும் சொல்லுங்கள். இலையோ மின்சுற்றோ பின்னமோ, புரிந்த பிள்ளை உடனே வரையத் தொடங்கும். புரியாத பிள்ளை ரப்பரைத் தேடும்.